நாகையில் ஏறி நெடுந்தீவில் இறங்கினோம்

போன வாரம் நான் போட்டிருந்த குதிரைப் படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது ராஜஸ்தானா, குஜராத்தா?" என்று என் பழைய மாணவர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை. அது நெடுந்தீவு. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலுக்குள் இருக்கிறது. விமானம் ஏறாமல், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போய்வந்தோம். விவரம் கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். நேரம் இல்லாதவர்கள் கடைசியில் உள்ள தகவல்களை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன்.

என் மகன் எடின்பரோவில் வேலை பார்க்கிறான். ஒருநாள் ஒரு வீடியோ அனுப்பினான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஓபன் என்று ஒரு துறைமுக ஊர். அங்கிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் கிளம்பி மல், அயோனா, ஸ்டாஃபா, ஸ்கை என்று தீவு தீவாகச் சுற்றிக் காட்டுகின்றன. அந்த நாட்டில் 12 பயணிகளுக்கு மேல் ஏற்றினால் அது பயணிகள் கப்பல் என்ற கணக்கில் வந்து சட்டதிட்டங்கள் கூடிவிடுமாம். அதனால் பல கப்பல்கள் 12 பேரோடு நிறுத்திக்கொள்கின்றன. வீட்டுச் சாப்பாடு போலச் சமைத்துப் போடுகிறார்கள். "அம்மா, அடுத்த கோடையில் நீயும் அப்பாவும் வாங்க" என்றான். ஒரு வாரத்துக்கு அவன் சொன்ன தொகையைக் கேட்டதும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஓய்வூதியக்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. என் கணவர்தான், "தீவுதானே பார்க்கணும்? நம்ம பக்கத்திலேயே இருக்கே" என்றார்.

இரண்டாவது காரணம் எங்கள் தெருவில் இருக்கிறது. சைதாப்பேட்டை காரணீஸ்வரர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஓர் அம்மா குடியிருக்கிறார். பெயர் வேண்டாம். நெடுந்தீவில் பிறந்தவர். 1990-இல் படகில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுப் பிறகு உறவினர் ஒருவரோடு சென்னைக்கு வந்தவர். முகாமுக்கு வெளியே வாழும் அகதி என்று காவல் நிலையத்தில் பதிவு இருக்கிறது. அவர் மகள் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தாள். மகளை அழைத்துப்போக வந்து நிற்கும்போது தொடங்கிய பழக்கம். முப்பது வருடம் ஆகப்போகிறது. இன்னமும் அவருக்கு நான் "ரீச்சர்"தான்.

நாகையிலிருந்து கப்பல் விடுகிறார்கள் என்று 2023-இல் செய்தி வந்ததும் முதலில் என்னிடம் ஓடிவந்தவர் அவர்தான். "நாலு மணித்தியாலமாம் ரீச்சர்!" என்றார். ஆனால் அந்தக் கப்பலில் அவரால் ஏற முடியாது. கடவுச்சீட்டு இல்லை. ஊர்ப் பிறப்புச் சான்றிதழைத் தேடிப் பிடித்து இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்துப் போனாலும், திரும்பி வர விசா கிடைக்குமா என்பதற்கு உறுதி கிடையாது. மகளும் பேரனும் இங்கே. அந்த மகள் 1991-இல் இங்கேயே பிறந்தவள். ஆனால் 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. அந்தக் குழந்தைக்கு நான்தான் ஆத்திசூடி சொல்லிக்கொடுத்தேன். அவள் எந்த நாட்டுக்காரி என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

இனிக் கப்பலுக்கு வருகிறேன்.

இந்தக் கடல் நமக்குப் புதிதில்லை. எழும்பூரில் கிளம்பி நம் சைதாப்பேட்டை ஸ்டேஷனைத் தாண்டித்தான் அந்தக் காலத்து போட் மெயில் போகும். முதலில் அது தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து 'ராமானுஜம்' என்ற கப்பல் ஓடியது. அதே 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி, தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்களே, அவர்களும் அந்தத் தலைமன்னார் வழியாகத்தான் வந்தார்கள். பார்த்தே இராத 'சொந்த ஊருக்கு' டிக்கெட் வாங்கியவர்கள் அவர்கள். 1980-களில் கலவரமும் போரும் வந்தன. கப்பல் நின்றது. 2011-இல் தூத்துக்குடி – கொழும்பு இடையே ஒரு பெரிய கப்பல் விட்டார்கள். சில மாதங்களில் அதுவும் நின்றுபோனது.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் வடகரையில் உள்ள காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' என்ற கப்பல் கிளம்பியது. மழைக்காலம் வந்து ஒரே வாரத்தில் நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16-இல் தனியார் நிறுவனம் ஒன்று 'சிவகங்கை' என்ற கப்பலை விட்டது. சுமார் 150 பேர் உட்காரலாம். வடகிழக்குப் பருவமழையில் நிறுத்திவைத்து, 2025 பிப்ரவரியில் மறுபடி தொடங்கினார்கள். நாங்கள் போனது அந்த மார்ச்சில். மாசி, பங்குனியில் இந்தக் கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும் என்று நாகையில் மீனவர் ஒருவர் சொன்னார். அது உண்மைதான்.

முந்தின நாளே நாகை போய், நாகூரையும் வேளாங்கண்ணியையும் பார்த்துவிட்டுத் தங்கினோம். காலையில் துறைமுகத்தில் பெட்டியை எடை போட்டு, கடவுச்சீட்டில் முத்திரை குத்தி, சுங்கச் சோதனை முடித்து உள்ளே விட்டார்கள். சின்ன விமான நிலையம் மாதிரிதான். கப்பல் உள்ளே ஏசி பஸ் மாதிரி இருக்கைகள். என் கணவர் வாந்தி வராமல் இருக்க மாத்திரை போட்டுக்கொண்டு, கையில் எலுமிச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டு, ஜன்னல் சீட்டைப் பிடித்து உட்கார்ந்தார். அரைமணியில் தூங்கிவிட்டார். மாத்திரை நல்ல மாத்திரை.

சின்னக் கப்பலின் சௌகரியம், கூட வருபவர்களை எல்லாம் தெரிந்துகொள்ள முடிவதுதான். எனக்கு முன் வரிசையில், மகள் கல்யாணத்துக்குச் சென்னையில் பட்டு எடுத்துக்கொண்டு திரும்பும் யாழ்ப்பாணத்துத் தம்பதி. பெட்டியைக் காலுக்கடியில் வைத்து, அதன் மேலேயே கண். பக்கத்தில், வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன் முடித்துப் போகும் ஒரு மன்னார்க் குடும்பம். பின்னால், யாழ்ப்பாணத்தில் யூடியூபுக்குப் படம் பிடிக்கப் போகும் திருச்சிப் பையன்கள் இருவர். கடைசி வரிசையில் ஓர் இளைஞர், பிரான்சில் வளர்ந்தவர், அப்பாவின் அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைத்துவிட்டு, அப்பா பிறந்த வீட்டைப் பார்க்கப் போகிறார். சுற்றுலா என்று டிக்கெட் வாங்கியவர்களில் உண்மையான சுற்றுலாக்காரர்கள் அந்தத் திருச்சிப் பையன்கள் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றியது.

சுமார் 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். நாலு மணி நேரம். நாகைக் கலங்கரை விளக்கம் மறைந்த பிறகு கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் கரை தெரியாது. பறக்கும் மீன்கள் கூட்டமாக எழும்பி, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போகும். நான் வகுப்பில் படம் வரைந்து காட்டியிருக்கிறேன். நேரில் பார்த்தது இதுதான் முதல் முறை.

காங்கேசன்துறை என்ற பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. காங்கேயன் என்றால் முருகன். பக்கத்தில் உள்ள மாவிட்டபுரம் கோயிலுக்கான முருகன் சிலை கடல்வழியாக வந்து இறங்கிய துறை என்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். அங்கிருந்து கீரிமலை பக்கம்தான். கடலை ஒட்டியே நன்னீர்க் கேணி. மறுபக்கம் அலை அடிக்கிறது, இந்தப் பக்கம் தண்ணீர் தித்திக்கிறது. அன்று யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் தங்கினோம். உள்ளூர் சிம் கார்டு ஒன்று வாங்கினேன். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

மறுநாள் தீவுகள். யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணைத் தீவு, அங்கிருந்து கடலுக்கு நடுவே போடப்பட்ட நீண்ட சாலையில் புங்குடுதீவு, அதன் முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. அதுவரை பஸ் போகிறது. சாலையின் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், கம்பு நட்டுக் கட்டிய மீன் வலைகள், ஒற்றைக் காலில் நிற்கும் பறவைகள்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகில் கால்மணி நேரம். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு நெருக்கி உட்கார வேண்டும். எங்கள் படகில் பாதிப் பேர் நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு வந்த தமிழர்கள். மீதிப் பேர் வெள்ளை உடையில், நாகதீப விகாரைக்குப் போகும் சிங்களக் குடும்பங்கள். ஒரு சிங்களப் பாட்டி தன் பூக்கூடையை என் மடியில் வைத்துவிட்டு வெற்றிலை மடித்தார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. கூடையைப் பிடித்துக்கொள்ள மொழி தேவைப்படவில்லை.

தமிழாசிரியர்களுக்கு ஒரு செய்தி. மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இந்த நயினாதீவுதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. நாக நாட்டு அரசர் இருவர் ஒரு மணி ஆசனத்துக்காகச் சண்டையிட, புத்தர் வந்து சமாதானம் செய்த இடம் என்று சாத்தனார் சொல்கிறார். இலங்கையின் பாலி நூலான மகாவம்சமும் நாகதீபத்தில் அதே போன்ற கதையைச் சொல்கிறது. புகாரில் தூங்கிய பெண்ணைக் கடல் தெய்வம் தூக்கி வந்து மணிபல்லவத்தில் விட்டது என்று வகுப்பில் கதை சொல்லியிருக்கிறேன். புகார் நாகைக்கு வடக்கே கொஞ்ச தூரம்தான். வரைபடத்தை விரித்துப் பாருங்கள், தெய்வம் வந்த வழிதான் இன்றைய கப்பல் வழி.

மூன்றாம் நாள் நெடுந்தீவு. நான் போக நினைத்த இடம் இதுதான்.

அதே குறிகட்டுவானிலிருந்து காலையில் படகு. ஒரு மணி நேரம். நயினாதீவுப் படகு யாத்திரைப் படகு. இது அப்படி இல்லை. எரிவாயு சிலிண்டர், சிமென்ட் மூட்டை, கால் கட்டிய கோழிகள், ஒரு மோட்டார் சைக்கிள், கூரைத் தகடு, ரொட்டிப் பெட்டிகள், கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஒரு தாய். தீவில் ஒரு ஆணி வேண்டுமென்றாலும் இந்தப் படகில்தான் வர வேண்டும். நம் ஊரில் 5பி பஸ்ஸுக்கு நிற்பது போல அவர்கள் நிற்கிறார்கள்.

எனக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண், மடியில் திருத்தின கொப்பிகள். கொப்பி என்றால் நோட்டுப் புத்தகம். கட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க டீச்சரா?"

"ஓம். நீங்களும் ரீச்சரோ? எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

விஞ்ஞானம் கற்பிக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து விடிகாலையில் கிளம்பி பஸ், பிறகு படகு. மதியப் படகில் திரும்ப வேண்டும். "கடல் கொந்தளிச்சால் படகு இல்லை. படகு இல்லையெண்டால் ரீச்சரும் இல்லை. கார்த்திகை, மார்கழியில பிள்ளையள் வந்து காத்திருக்குங்கள், நாங்கள் அக்கரையில நிப்பம்" என்றார். சில ஆசிரியர்கள் தீவிலேயே வாரம் முழுக்கத் தங்குகிறார்களாம். மாற்றல் கேட்கவில்லையா என்றேன். "கேட்டிருக்கிறன். கிடைச்சால் போவன். பிள்ளையளை நினைச்சால் பாவமாய்க் கிடக்கு" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. கிராமப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு வாக்கியமும் ஒரே வாயில் எப்படி வரும் என்று தெரியும்.

நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீட்டர். டச்சுக்காரர்கள் தங்கள் ஊரான டெல்ஃப்ட் பெயரை வைத்தார்கள். வெளிநாட்டவருக்கு இன்றும் அதுதான் பெயர். சுமார் 4,000 பேர் வசிக்கிறார்கள். பனைமரங்கள், முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வேலிகள். முருகைக்கல் என்பது பவளப்பாறைக் கல். சாந்து கிடையாது, கல்லின் எடையிலேயே நிற்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரம் ஒன்று நிற்கிறது. அதன் பொந்துக்குள் நாங்கள் இரண்டு பேரும் நின்று படம் எடுத்தோம். இடிந்த கோட்டை, புறா வளர்த்த கூடு. பிறகு நீங்கள் படத்தில் பார்த்த குதிரைகள். போர்த்துக்கீசரும் டச்சுக்காரரும் ஆண்ட காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வம்சம். இப்போது யாருக்கும் சொந்தமில்லாமல் வெளியில் மேய்கின்றன. கோடையில் தண்ணீர் இல்லாமல் செத்துப்போவதும் உண்டு என்று ஆட்டோக்காரர் சொன்னார்.

இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15 அன்று இந்தத் தீவிலிருந்து கிளம்பிய 'குமுதினி' என்ற பயணிகள் படகை நடுக்கடலில் மறித்து, பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றார்கள். ஏறியவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். எங்கள் தெரு அம்மாவுக்குத் தெரிந்தவர்களும் அதில் இருந்தார்கள். "அதுக்குப் பிறகு படகில ஏறுறதெண்டால் கை நடுங்கும். ஆனா ஏறாமல் என்ன செய்யிறது? தீவில எல்லே இருக்கிறம்" என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் சார்பில் நல்லூரில் வாங்கிய பூவை அங்கே வைத்தேன்.

பிறகு அவர் வீடு. ஒரு தாளில் வழி எழுதிக் கொடுத்திருந்தார். தேவாலயம், அதற்குப் பின்னால் பெரிய பனங்கூடல், இரண்டாவது ஒழுங்கை, வாசலில் பூவரசு. 35 வருடத்துக்கு முந்தைய வழி. ஆட்டோக்காரர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, தன் தாயாரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். கூரை இல்லை. சுவர் பாதி. பூவரசு இல்லை. கிணறு இருந்தது. யாரோ அதைப் பயன்படுத்துகிறார்கள், வாளியும் கயிறும் புதுசு.

சிம் கார்டு எதற்கு என்றீர்களே, இதற்குத்தான். சைதாப்பேட்டைக்கு வாட்ஸ்அப் வீடியோ போட்டேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வீட்டைப் பார்க்கிறேன் என்றும் சொல்லவில்லை.

"ரீச்சர், கிணத்துக்குள்ள எட்டிக் காட்டுங்கோ. தண்ணி கிடக்கோ?"

"கிடக்கும்மா. நல்லா இருக்கு."

"அள்ளி வாயில விட்டுப் பாருங்கோ."

அள்ளிக் குடித்தேன்.

"உவர்ப்போ?"

"கொஞ்சம் உவர்ப்பு இருக்கு."

"அதுதான். அது எங்கட கிணறுதான்" என்றார்.

அப்போதுதான் படம் உறைந்துபோனது. மறுபடி கிடைக்கவில்லை.

கிணற்றடியில் தண்ணீர் எடுக்க வந்த பெரியவர் ஒருவர் எங்களோடு பேச்சுக் கொடுத்தார். மீன்பிடிப்பவர். இந்தியாவிலிருந்து என்றதும் உட்காரச் சொல்லி இளநீர் வெட்டித் தந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "உங்கட ஆக்களில எங்களுக்குக் கோவம் இல்லை. ஆனா உங்கட இழுவைப் படகுகள் வந்து எங்கட வலையை அறுத்துக்கொண்டு போகுது. கடனுக்கு வாங்கின வலை." நம் ஊர்ப் பத்திரிகையில் நம் மீனவர் கைதாவதைப் படிக்கிறோம். அது நம் வேதனை, உண்மையான வேதனை. மடியை இழுத்துக் கடல் தரையை வாரும் முறையை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடுத்தது என்பதும், அங்கே வலை இழந்தவரும் தமிழ் பேசும் மீனவர் என்பதும் நம் செய்திகளில் கடைசி வரியில்கூட வருவதில்லை. இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். கேட்பதற்காகவாவது நம்மில் பத்துப் பேர் போய்வர வேண்டும்.

திரும்பும் படகில் மகன் அனுப்பிய ஸ்காட்லாந்து வீடியோ நினைவுக்கு வந்தது. அந்தச் சுற்றுலாக் கப்பல்களில் சில, வெகுதூரத்தில் அட்லாண்டிக் கடலுக்குள் இருக்கும் செயின்ட் கில்டா என்ற தீவுக்கும் போகின்றன. நூற்றுக்கணக்கான வருடம் மக்கள் வாழ்ந்த தீவு அது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் படகு வராது. நோய் வந்தால் மருத்துவர் இல்லை. இளைஞர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கடைசியில் மிச்சமிருந்தவர்கள் தாங்களே அரசுக்கு விண்ணப்பம் எழுதி, 1930 ஆகஸ்ட் 29 அன்று 36 பேரும் கப்பலேறி வெளியேறினார்கள். இன்று அங்கே பயணிகள் இறங்கி வெறும் வீடுகளைப் படம் எடுக்கிறார்கள். உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆகிவிட்டது.

நெடுந்தீவு அப்படி ஆகிவிடவில்லை. அங்கே இன்னும் கொப்பி திருத்திக்கொண்டு ஒரு டீச்சர் படகேறுகிறார். கிணற்றில் புது வாளி தொங்குகிறது. தீவு உயிரோடு இருப்பதற்கு அடையாளம் குதிரையும் கோட்டையும் அல்ல, காலைப் படகின் நெரிசல்தான் என்று எனக்குப் பட்டது. நாகைக் கப்பலுக்கும் அதே கணக்கு. ஏற ஆள் இருந்தால் ஓடும். காலி இருக்கையோடு எத்தனை நாள் ஓட்டுவார்கள்? இதற்கு முன் தொடங்கியவை எல்லாம் நின்றுபோனதைப் பார்த்துவிட்டோம். இது நின்றால் நமக்கு ஒரு சுற்றுலா போகும். பட்டுப் பெட்டியைக் காலுக்கடியில் வைத்திருந்தவர்களுக்கும் அஸ்தி கரைக்க வந்தவருக்கும் மறுபடி பாதை போகும். கடவுச்சீட்டு உள்ளவர்கள் போய்வந்துகொண்டே இருந்தால்தான், கடவுச்சீட்டு இல்லாத எங்கள் தெரு அம்மா போன்றவர்களுக்கு என்றாவது ஒருநாள் ஏறுவதற்கு ஒரு கப்பல் அங்கே நின்றுகொண்டிருக்கும்.

அவருக்கு ஒடியலும் புழுக்கொடியலும் பனங்கட்டியும் வாங்கி வந்தேன். நம்மூர்ப் பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவர் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, மீதியைப் பேரனிடம் கொடுத்தார். அவன் மென்று பார்த்துவிட்டு, "மரம் மாதிரி இருக்கு பாட்டி" என்றான். "பல்லு பலமாகும், மெல்லடா" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு:

1. கடவுச்சீட்டு அவசியம். இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள்.

2. ஐப்பசி முதல் தை வரை மழையையும் கடலையும் பொறுத்துக் கப்பலை நிறுத்துவார்கள். மாசி முதல் போகலாம். கிளம்புவதற்கு முதல் நாள் அலுவலகத்துக்குப் போன் செய்து உறுதிசெய்த பிறகு சென்னையில் ரயில் ஏறுங்கள்.

3. இலவசமாகக் கொண்டுபோகும் எடைக்கு வரம்பு உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஒடியலுக்கு இடம் விடுங்கள்.

4. வாந்தி மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு அரைமணி முன்பே போடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள்.

5. நெடுந்தீவுக்குக் காலையில் போய் மதியப் படகில் திரும்பலாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கியதும் கேளுங்கள். குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். அங்கே நல்ல தண்ணீர் அருமை.

6. குதிரைக்குத் தீனி போடாதீர்கள். முருகைக்கல் துண்டு எதையும் ஞாபகார்த்தமாகப் பையில் போடாதீர்கள்.

7. படகில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள். வெயிலில் நிற்கும் ஆசிரியை யாரையாவது பார்த்தால், சைதாப்பேட்டையிலிருந்து ஒரு டீச்சர் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.